லாச்சிக்குள் இருந்த ஒரு குளிசையின் வரலாறு

மாமா கைலாய யாத்திரைக்குப் பெயர் கொடுத்திருந்தார். யாத்திரைக் குழுவின் வட்ஸ்அப்பில் கொண்டுவர வேண்டிய சாமான்களின் பட்டியல் வந்தது. குளிர்ச் சட்டை, டோர்ச் லைட், ஆறு சோடி சொக்ஸ். அதற்குக் கீழே "டயமொக்ஸ் 20". மாமா பாமசியில் கேட்டிருக்கிறார். டொக்டரின் துண்டு இல்லாமல் தரமாட்டோம் என்று அனுப்பிவிட்டார்கள். பிறகு யாரோ சொன்னார்களாம், அது கண் பிரஷருக்குக் கொடுக்கிற அதே குளிசைதான் என்று. நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"அம்மா, உங்கட கண் குளிசை மிச்சம் கிடக்கோ?"

கிடந்தது. மூன்று வருடத்துக்கு முன் ஒரு இரவு அம்மம்மாவுக்குத் தாங்க முடியாத தலையிடி, வாந்தி, இடது கண் சிவந்து பார்வை மங்கிவிட்டது. கண்ணுக்குள் அழுத்தம் திடீரென்று ஏறியிருக்கிறது என்றார்கள். லேசர் செய்வதற்கு ஒரு நாள் குறித்து, அதுவரைக்கும் அழுத்தத்தைக் குறைக்கக் குளிசையும் துளிமருந்தும் கொடுத்தார்கள். லேசருக்குப் போன அன்று அழுத்தம் திரும்ப ஏறியிருந்தது. குளிசை வேலை செய்யவில்லைப் போல என்று டொக்டர் யோசித்தார். அம்மம்மா வாயே திறக்கவில்லை. கடைசியில் லேசர் செய்தார்கள், கண் தப்பியது. ஆனால் இடது பக்கத்தால் வருகிற ஆளை அவவுக்கு இப்பவும் சரியாகத் தெரியாது.

மாமா கேட்ட அன்றுதான் லாச்சியைத் திறந்தேன். அட்டையில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது.

"ஏன் அம்மம்மா குடிக்கேல்லை?"

"விரலெல்லாம் எறும்பு ஊருற மாதிரி. சோடா குடிச்சாலும் ஒரு மாதிரி. எனக்கு ஒத்துக்கொள்ளேல்லை எண்டு விட்டிட்டன்."

அட்டையில் டயமொக்ஸ் என்று இல்லை. அசெற்றசோலமைட், 250 மில்லிகிராம் என்று இருந்தது. இரண்டும் ஒன்றுதான் என்று தேடிப் பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டேன். ஆனால் ஒரு கேள்வி போகவில்லை. கண்ணுக்குக் கொடுக்கிற குளிசை மலைக்கு எப்படி? நான் கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிற ஆள். மருத்துவம் தெரியாது. ஒரு பொருள் எங்கிருந்து வந்தது என்று தேட மட்டும் தெரியும். தேடினேன். அம்மம்மாவின் எறும்புக்கும் சோடாவுக்கும் பதில் அந்த வரலாற்றுக்குள்தான் இருந்தது.

சாயத்தில் தொடங்கிய கதை

1935இல் ஜேர்மனியின் கெர்ஹார்ட் டொமாக், புரொன்டோசில் என்ற சிவப்புச் சாயம் பக்ரீரியாத் தொற்றைக் குணப்படுத்துகிறது என்று வெளியிட்டார். அதே வருடம் பாரிஸின் பஸ்தர் நிறுவனத்தில் இருந்தவர்கள், சாயத்துக்கு அதில் பங்கில்லை, உடம்புக்குள் சாயம் உடைந்து வருகிற சல்பனிலமைட் என்ற நிறமில்லாத பொருள்தான் வேலை செய்கிறது என்று கண்டுபிடித்தார்கள். பென்சிலின் பாவனைக்கு வராத காலம் அது. சல்பனிலமைட் எவ்வளவு பெரிய விசயமாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பெரிய விசயம் என்பதால் அவசரமும் கூட. 1937இல் அமெரிக்காவில் ஒரு கம்பனி, பிள்ளைகளும் குடிக்கட்டும் என்று அதைத் திரவமாக்கி ராஸ்ப்பெரிச் சுவையோடு விற்றது. கரைப்பதற்குப் பாவித்த டைஎதிலீன் கிளைக்கோல் நஞ்சு. சோதித்துப் பார்க்காமலே சந்தைக்கு வந்துவிட்டது. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள், அதில் பலர் பிள்ளைகள். புதிய மருந்தை விற்க முதல் அது பாதுகாப்பானது என்று காட்ட வேண்டும் என்கிற 1938ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் இந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் நிறைவேறியது.

எங்கள் குளிசையின் கதை அந்தப் பேரழிவிலிருந்து வரவில்லை. அதே காலத்தில் சிலர் கவனித்த ஒரு சின்ன விசயத்திலிருந்து வருகிறது. சல்பனிலமைட் எடுத்த நோயாளிகள் சிலர் வேகமாக மூச்சு வாங்கினார்கள். அவர்களுடைய இரத்தத்தில் அமிலத்தன்மை கூடியிருந்தது. 1937இல் ஹமில்டன் சௌத்வேர்த் என்ற மருத்துவர் இதைப் பதிவு செய்தார். மருந்து கிருமியைக் கொல்கிறது, அது சரி. மூச்சு ஏன் மாற வேண்டும்?

அதற்குச் சில வருடம் முதல், கேம்பிரிட்ஜில் மெல்ட்ரமும் ரஃப்டனும் இரத்தச் சிவப்பணுவுக்குள் ஒரு நொதியத்தைக் கண்டுபிடித்திருந்தார்கள். பெயர் காபனிக் அன்ஹைட்ரேஸ். அதற்கு ஒரு வேலைதான். காபனீரொட்சைட்டையும் நீரையும் சேர்த்து, அமிலமும் இருகாபனேற்றும் ஆக்கும். தேவைப்பட்டால் திருப்பியும் ஆக்கும். தானாக நடந்தால் மெதுவாக நடக்கிற இந்தத் தாக்கத்தை இந்த நொதியம் கண்மூடித் திறக்க முதல் முடித்துவிடும். 1940இல், அதே கேம்பிரிட்ஜில் மானும் கெய்லினும் சல்பனிலமைட் இந்த நொதியத்தைத்தான் நிறுத்துகிறது என்று காட்டினார்கள்.

அதாவது கிருமி மருந்தின் "பக்கவிளைவு" என்று ஒதுக்கப்பட்டது, வேறொரு மருந்தின் தொடக்கம்.

இதயத்துக்கு வந்து, கண்ணுக்குப் போனது

இந்த நொதியம் சிறுநீரகத்திலும் இருக்கிறது. அங்கே அதை நிறுத்தினால் சோடியமும் இருகாபனேற்றும் நீரோடு சேர்ந்து சிறுநீரில் வெளியே போகும். 1949இல் பொஸ்டனில் வில்லியம் ஷ்வார்ட்ஸ், இதயம் பலவீனமாகி உடம்பில் நீர் தேங்கிய மூன்று பேருக்குச் சல்பனிலமைட் கொடுத்துப் பார்த்தார். நீர் வெளியேறியது. ஆனால் தேவைப்பட்ட அளவு பெரியது. அந்த அளவில் தொடர்ந்து கொடுத்தால் அதுவே நஞ்சாகிவிடும். அமெரிக்கன் சயனமிட் கம்பனியின் இரசாயனவியலாளர்கள் ரொப்ளினும் கிளாப்பும் இதே வேலையைச் சிறிய அளவில் செய்கிற பொருளைத் தேடினார்கள். 1950இல் அவர்கள் வெளியிட்டவற்றில் ஒன்று அசெற்றசோலமைட். நொதியத்தை நிறுத்துவதில் சல்பனிலமைட்டை விடப் பல நூறு மடங்கு வலிமை. 1953இல் டயமொக்ஸ் என்ற பெயரோடு சந்தைக்கு வந்தது.

உண்மையைச் சொன்னால், நீர் இறக்குகிற மருந்தாக அது பெரிதாக வெல்லவில்லை. சில நாளில் இரத்தம் அமிலமாகிவிட, மருந்தின் நீர் இறக்கும் பலன் குறைந்துவிடும். 1950களின் கடைசியில் மேர்க் கம்பனியின் ஆய்வாளர்கள் இதே வகைப் பொருட்களைத் திருத்தித் திருத்திக் குளோரோதயசைட்டைக் கொண்டுவந்தார்கள். இன்று எங்கள் ஊரில் நிறையப் பேர் பிரஷருக்கு எடுக்கிற ஹைட்ரோகுளோரோதயசைட் அதன் நெருங்கிய சொந்தம். மாமாவும் அதைத்தான் எடுக்கிறார். அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

கண்ணின் முன்பகுதியில் ஒரு தெளிந்த நீர் ஊறிக்கொண்டே இருக்கும், ஒரு மூலையால் வடிந்துகொண்டே இருக்கும். வடிகிற வழி தடைப்பட்டால் உள்ளே அழுத்தம் ஏறும், பார்வை நரம்பு நசியும். குளுக்கோமாவில் பெரும்பாலும் நடப்பது இதுதான். 1870களில் இருந்து மருத்துவர்களிடம் இருந்த துளிமருந்துகள் வடிகாலைத் திறக்கப் பார்த்தன. ஊறுகிற நீரைக் குறைக்கிற மருந்து இருக்கவில்லை. அந்த நீரை ஊறச்செய்யும் இழையத்திலும் இதே நொதியம் இருக்கிறது என்று 1950களின் தொடக்கத்தில் தெரிய வந்தது. 1954இல் சென். லூயிஸ் நகரத்துக் கண் மருத்துவர் பேர்னார்ட் பெக்கர், டயமொக்ஸ் குடித்தவர்களின் கண் அழுத்தம் குறைகிறது என்று வெளியிட்டார். வாயால் விழுங்கும் ஒரு குளிசை கண் அழுத்தத்தை இறக்கலாம் என்பது அப்போது புதிது. இன்றைக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அது கண் மருந்தாகத்தான் இருக்கிறது.

மலைக்கு ஏறியது

உயரத்தில் மனிதருக்கு வருத்தம் வருவது பழைய செய்தி. 16ஆம் நூற்றாண்டில் பெரு நாட்டின் மலைகளைக் கடந்த ஸ்பானியப் பாதிரியார் ஹோசே டி அக்கோஸ்டா, தனக்கு வந்த வாந்தியைப் பற்றி 1590இல் வெளிவந்த நூலில் எழுதியிருக்கிறார். எங்களுக்கு இந்த அனுபவம் இல்லை. இலங்கையின் உயர்ந்த மலையான பீதுருதலாகலையே 2,524 மீற்றர்தான். சிவனொளிபாதமலை ஏறும்போது மூச்சு வாங்கினால் அது படியின் குற்றம், காற்றின் குற்றமில்லை.

மேலே போகப் போக ஒட்சிசன் குறையும். உடம்பு அதற்காக வேகமாக மூச்சு விடும். அப்படி விடும்போது காபனீரொட்சைட்டு அதிகமாக வெளியேறி இரத்தம் காரத்தன்மையாகிவிடும். மூளை இதைப் பார்த்து, "காணும், மூச்சைக் குறை" என்று பிரேக் போடும். நித்திரையில் இது மோசம். மூச்சு இடையிடையே நின்று நின்று வரும். சிறுநீரகம் சில நாள் எடுத்து இருகாபனேற்றை வெளியேற்றினால்தான் பிரேக் விடுபடும். மலைக்குப் பழகுவது என்பதில் பெரிய பங்கு இதுதான். அசெற்றசோலமைட் அந்தச் சில நாள் வேலையைச் சீக்கிரமாகச் செய்விக்கிறது. 1937இல் "இரத்தத்தில் அமிலம், வேகமான மூச்சு" என்று குற்றமாக எழுதப்பட்ட அதே விசயம், இங்கே மருந்து.

இதை யாருக்காகத் தேடினார்கள் என்று பார்த்தால் வரலாறு படிக்கிற ஆளுக்குக் கொஞ்சம் உறுத்தும். 1960களின் நடுவில் அசெற்றசோலமைட்டை உயரத்துக்குச் சோதித்த கேனும் டன்னும் அமெரிக்க விமானப்படையின் மருத்துவப் பள்ளியைச் சேர்ந்தவர்கள். 1962இல் இந்திய சீன யுத்தத்தில் சமவெளிப் படையினரை ஒரேயடியாக இமயமலைக்கு ஏற்றினார்கள். இந்தர் சிங்கும் கூட இருந்தவர்களும் மலைநோய் கண்ட 1,925 படையினரைப் பற்றி 1969இல் எழுதினார்கள். உயரத்தில் பிறந்து வளர்ந்த சனத்துக்காக இல்லை, கீழே இருந்து அவசரமாக மேலே போக வேண்டியவர்களுக்காகத்தான் இந்த ஆராய்ச்சி. முதலில் படை, பிறகு உல்லாசப் பயணி, இப்போது யாத்திரிகர்.

1976இல் வெளிவந்த ஒரு ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. பீட்டர் ஹக்கெட்டும் கூட்டாளிகளும் எவரெஸ்ட் போகும் வழியில் 4,243 மீற்றரில் உள்ள ஃபெரிச்சே கிராமத்தில் 278 பயணிகளைப் பார்த்தார்கள். பாதிக்குச் சற்று மேல், 53 வீதமானோருக்கு மலைநோய். லுக்லாவுக்கு விமானத்தில் வந்து இறங்கியவர்களுக்கு அது கூட, கீழேயிருந்து நடந்து வந்தவர்களுக்குக் குறைவு. அசெற்றசோலமைட் பறந்து வந்தவர்களுக்கு உதவியது. நடந்து வந்தவர்களிடம் அதனால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மெதுவாக நடந்த கால் ஏற்கெனவே அந்த வேலையைச் செய்துவிட்டது.

அளவும் காலத்தோடு மாறியது. ஒரு காலத்தில் மலை ஏறுபவர்கள் ஒரு நாளைக்கு 500, 750 மில்லிகிராம் என்று எடுத்தார்கள். நேபாள மருத்துவர் புத்த பஸ்ன்யாத்தின் குழு 2006இல், நாளுக்கு இரண்டு தரம் 125 மில்லிகிராம் எடுத்தாலும் 375 எடுத்தாலும் தடுப்பதில் பெரிய வேறுபாடில்லை என்று காட்டியது. இப்போது பெரியவர்களுக்குத் தடுப்பாகப் பொதுவாகச் சொல்லப்படுவது அந்த 125தான், ஏறுவதற்கு முதல்நாள் தொடங்கி. அம்மம்மாவின் அட்டையில் இருந்தது 250. பட்டியலில் எண்ணிக்கை மட்டும்தான் இருந்தது, அளவு இல்லை.

எறும்பும் சோடாவும்

இனி அம்மம்மாவிடம் வருவோம். இந்த நொதியம் கண்ணிலும் சிறுநீரகத்திலும் மட்டும் இல்லை. உடம்பு முழுக்க இருக்கிறது. நாக்கிலும் இருக்கிறது. சோடாவின் "சுர்" என்கிற சுவையை நாக்கு உணர்வதற்கு இந்த நொதியம் தேவை என்று 2009இல் ஒரு ஆய்வு காட்டியது. மலை உச்சியில் பியர் குடித்தவர்கள், டயமொக்ஸ் எடுத்தால் பியர் சப்பென்று இருக்கிறது என்று அதற்கு எத்தனையோ வருடம் முதலே முறையிட்டிருக்கிறார்கள். விரலிலும் உதட்டிலும் எறும்பு ஊர்வது இந்த மருந்தின் மிகப் பொதுவான விளைவு. அடிக்கடி சிறுநீர் போவதும் அப்படித்தான். இவை தொந்தரவுதான், ஆனால் பெரும்பாலும் ஆபத்தில்லாதவை. மருந்து உடம்புக்குள் போய் வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம் என்றுகூடச் சொல்லலாம்.

இதை ஒருவர் அம்மம்மாவுக்கு முதலே சொல்லியிருந்தால், அல்லது அம்மம்மா ஒருவரிடம் சொல்லியிருந்தால், அவ நிறுத்தியிருக்கமாட்டா. எறும்புக்குப் பயந்து நிறுத்தினா. நிறுத்தியதைச் சொல்லப் பயந்தா. இடையில் கண் போகப் பார்த்தது.

ஆனால் எல்லாமே "பரவாயில்லை" வகை இல்லை. ஒரே செயல் எல்லா இடத்திலும் நடப்பதால், ஏற்கெனவே பழுதான இடத்தில் அது கெடுதல் செய்யும். ஈரல் சுருங்கியவர்களுக்கு அமோனியா இரத்தத்தில் தேங்கி மயக்கம் வரை போகலாம். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அமிலம் அளவு மீறும். சிறுநீரகக் கல் வரலாம், முன்பு வந்தவர்களுக்கு அந்தப் பயம் கூட. இரத்தத்தில் பொட்டாசியம் குறையலாம். தயசைட் வகைப் பிரஷர் குளிசையும் அதைத்தான் செய்யும். பெரிய அளவில் அஸ்பிரின் எடுப்பவர்களுக்கும் ஆபத்து. அபூர்வமாகத் தோல் உரிகிற அளவுக்குக் கடும் ஒவ்வாமை வரலாம். சல்பா மருந்து ஒன்றுக்கு முன்பு உடம்பு தடித்த ஆள் என்றால் டொக்டருக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். கர்ப்பமாக இருந்தாலும் அப்படித்தான். குடிக்கத் தொடங்கியபின் தோலில் தடிப்போ கொப்புளமோ, காய்ச்சலோடு தொண்டை நோவோ, திடீரென்று பார்வை மங்குவதோ வந்தால் நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கண்ணுக்குள் போய் மட்டும் நிற்கிற துளிமருந்து ஒன்று வேண்டும் என்று புளோரிடாப் பல்கலைக்கழகத்தின் தோமஸ் மாரென் போன்றவர்கள் பல வருடம் பாடுபட்டதற்குக் காரணம் இதுதான். 1990களின் நடுப்பகுதியில் டோர்சோலமைட் துளி வந்தது. அதன்பிறகு குளுக்கோமாக்காரர் பலர் வருடக்கணக்கில் இந்தக் குளிசையை விழுங்க வேண்டிய தேவை குறைந்தது. அவசரத்துக்கு மட்டும் இன்னும் குளிசைதான்.

இரண்டு பெயர்

மாமா அட்டையைப் பார்த்துவிட்டு "இது வேற குளிசை போல" என்றது எனக்குள் நின்றுவிட்டது. இந்த நாட்டில் அதற்கும் ஒரு வரலாறு உண்டு. பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியில் 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது. கம்பனி வைத்த பெயரில் இல்லாமல், மருந்தின் சொந்தப் பெயரில் வாங்குவோம், எழுதுவோம் என்பது அவருடைய கொள்கை. மலிவுக்காக என்றுதான் நாங்கள் படித்தோம். பாதுகாப்புக்கும்தான் என்று இப்போது விளங்குகிறது. ஒரே மருந்தை இரண்டு பெயரில் இரண்டு தரம் விழுங்கிவிடலாம். அல்லது மாமாவைப்போல, தன் பிரஷர் குளிசையோடு முட்டுகிற ஒன்றை, "மலைக் குளிசை" என்ற செல்லப்பெயரில் தெரியாமலே விழுங்கலாம். அட்டையில் சின்ன எழுத்தில் இருக்கிற பெயரைத்தான் பாடமாக்க வேண்டும்.

மாமாவின் மலை

லாச்சி அட்டை காலாவதியாகி இருந்தது. அதனால் சண்டை சுலபமாக முடிந்தது. மாமாவை டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் கேட்டது சுருக்கமாகத்தான். ஈரல்? சிறுநீரகம்? சல்பா ஒவ்வாமை? வேறென்ன மருந்து? மாமா எல்லாத்துக்கும் "ஒண்டுமில்லை" என்றார். நான் கையைச் சுரண்டினேன். பிறகுதான் பிரஷர் குளிசையின் பெயரும், இரண்டு தரம் கல் வந்து படுத்த கதையும் வெளியே வந்தன. டொக்டர் இரத்தம் சோதித்துவிட்டு, உங்களுக்கு இது வேண்டாம், நாள் கூட உள்ள பயணமாகப் பார்த்துப் போங்கோ என்றார். 3,000 மீற்றருக்கு மேலே ஒரு நாளைக்கு 500 மீற்றருக்கு மேல் உயர்ந்து படுக்கக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருக்கால் ஓய்வு வேண்டும். இருந்தும் தலையிடி வந்தால் மேலே போகக்கூடாது. தள்ளாட்டமோ, தடுமாறிய பேச்சோ, சும்மா இருக்கும்போதே மூச்சிளைப்போ வந்தால் எந்தக் குளிசை குடித்திருந்தாலும் உடனே கீழே இறங்க வேண்டும்.

மாமா நாள் கூடின குழுவோடு போனார். மானசரோவர் ஏறத்தாழ 4,590 மீற்றர். இரண்டாம் நாள் தலையிடி, விடிய வாந்தி. மற்றவர்கள் 5,600 மீற்றருக்கு மேலுள்ள டோல்மா கணவாய் தாண்டிக் கைலாயத்தைச் சுற்றப் போக, அவர் இன்னும் இரண்டு பேரோடு கீழே இறங்கினார். இறங்கிய பின்னேரமே தலையிடி விட்டுவிட்டதாம்.

"அந்தக் குளிசையைக் குடிச்சிருந்தா நானும் சுத்தியிருப்பன்" என்று இப்பவும் சொல்கிறார். இருக்கலாம். மூன்றாவது கல்லோடு, ஆஸ்பத்திரி இல்லாத இடத்தில் படுத்திருக்கவும் கூடும். இரண்டில் எது நடந்திருக்கும் என்று என்னால் அவருக்கு நிரூபிக்க முடியவில்லை. தூரத்தில் நின்று கைலாயத்தைக் கும்பிட்டதைச் சொல்லும்போது அவருடைய குரல் இன்னும் உடைகிறது. அதற்கு நான் படித்த வரலாற்றில் பதில் இல்லை.

அம்மம்மா மாறிவிட்டா. போன மாதம் கிளினிக்கில் புதுத் துளிமருந்து கொடுத்தார்கள். இரண்டாம் நாளே எனக்குப் போன் எடுத்து, "பிள்ளை, இது விட்டா வாயெல்லாம் கைக்குது. டொக்டரிட்டச் சொல்லுவமோ?" என்று கேட்டா.

சொல்லுவம் அம்மம்மா.